மூன்று மாதக் குழந்தையும் ஜனவரி மாரத்தானும்

கேள்வி கேட்டவருக்கு வயது 33. சென்னையில் மென்பொருள் வேலை. நாலு வருடமாக ஓடுகிறார், ஹாஃப் மாரத்தானை (21.1 கிலோமீட்டர்) 1 மணி 52 நிமிடத்தில் முடித்திருக்கிறார். ஜூன் தொடக்கத்தில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. முதல் பிரசவம் என்பதால் மனைவியும் குழந்தையும் இப்போது மதுரையில், மாமியார் வீட்டில். செப்டம்பர் முதல் வாரம் சென்னைக்கு வருகிறார்கள். மனைவியும் வேலைக்குப் போகிறவர், பிரசவ விடுப்பில் இருக்கிறார். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் முதன்முறையாக ஃபுல் (42.2 கிலோமீட்டர்) ஓட இவர் பணம் கட்டிவிட்டார். “வாரம் ஐந்து நாள் பயிற்சியையும் விடாமல் வீட்டையும் கவனித்துக்கொள்வது எப்படி?” என்கிறார்.

முதலில் வாழ்த்துகள். என் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஜனவரியில் ஃபுல் வேண்டாம். ஹாஃபுக்கோ பத்து கிலோமீட்டருக்கோ மாறிக்கொள்ளுங்கள். ஐந்து நாளை மூன்று நாளாக்குங்கள். எந்த மூன்று நாள் என்பதை மனைவியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

ஓட்டத்தை விடச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடமாக ஓடுகிறேன், எங்கள் பகுதியில் காலையில் ஓடும் குழுவுக்கு ஆறு வருடமாகப் பயிற்சித் திட்டம் போட்டுக் கொடுக்கிறேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். முதல் குழந்தையின்போது தவறாக நடந்துகொண்டேன், இரண்டாவதில் ஓரளவு திருத்திக்கொண்டேன். அந்த இரண்டையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

உங்கள் காலண்டரை எடுத்து வையுங்கள். முதல் ஃபுல்லுக்கு வழக்கமாக 16 முதல் 18 வாரத் திட்டம் போடுவோம். ஜனவரி முதல் வாரத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால், உங்கள் திட்டத்தின் முதல் வாரம், மனைவியும் குழந்தையும் சென்னை வீட்டுக்குள் கால் வைக்கும் வாரத்தையொட்டியே வந்து நிற்கிறது. மதுரையில் அம்மா, பாட்டி, சித்தி என்று நாலு கைகள் மாறிக்கொண்டிருந்த குழந்தை இங்கே இரண்டு கைகளுக்கு வரும். அடுத்து, ஏறக்குறைய நாலாம் மாதத்தில் குழந்தையின் தூக்கம் மாறும். இரவில் ஒரு முறை எழுந்த குழந்தை மூன்று முறை எழும். அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். ஞாயிறு லாங் ரன் (வாரத்தின் நீண்ட ஓட்டம்) மழையால் தள்ளிப்போகும், குழந்தைத் துணிகள் காயாமல் ஹாலெல்லாம் கொடி கட்டித் தொங்கும். கடைசியாக, பிரசவ விடுப்பு சட்டப்படி 26 வாரம். அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம் என்பதால், உங்கள் மனைவி எவ்வளவு முன்னதாக எடுத்தார் என்பதைப் பொறுத்து, அக்டோபரிலிருந்து டிசம்பர் தொடக்கத்துக்குள் வேலைக்குத் திரும்ப வேண்டியிருக்கும். உங்கள் திட்டத்தில் 28, 30, 32 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கும் வாரங்கள் அவர் வேலைக்குத் திரும்பும் நாட்களோடு மோதலாம். குழந்தைக்குத் திட உணவு ஆரம்பிக்கிற ஆறாம் மாதமும் அதே சமயம்தான்.

இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. என் மனைவி திருநெல்வேலியில் இருந்த மூன்று மாதமும் நான் தனியாள். அலுவலகம் விட்டு வந்தால் ஓட்டம், சாப்பாடு, தூக்கம். வாரத்தில் ஓடும் தூரம் 65 கிலோமீட்டரைத் தொட்டது. வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் ஓடியதில்லை. வாரம் ஒருமுறை ரயில் ஏறிப்போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வருவேன். அப்பா ஆனதும் வாழ்க்கை மாறிவிடும் என்கிறார்களே, நமக்கு ஒன்றும் மாறவில்லையே என்று உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. மாறவேண்டியதெல்லாம் திருநெல்வேலியில் வேறொருத்தி வாழ்க்கையில் மாறிக்கொண்டிருந்தது.

அவர்கள் வந்த பிறகும் அதே திட்டத்தைத் தொடர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை நாலு மணிக்குக் கிளம்பி ஈ.சி.ஆரில் 30 கிலோமீட்டர். முடிந்ததும் நண்பர்களோடு இளநீர், இட்லி. எட்டரைக்கு வீடு. குளித்து, சாப்பிட்டு, கால் ஓய்ந்து போய் மதியம் வரை தூக்கம். “குழந்தை எழுவதற்கு முன்னாலேயே போய்விட்டு வந்துவிடுகிறேனே” என்பது என் கணக்கு. ஒரு ஞாயிறு, நான் படுக்கையை உதறிக்கொண்டிருக்கும்போது, மனைவி குழந்தையைத் தோளில் போட்டபடி கதவருகே நின்று கேட்டாள்: “நீங்க ஓடிட்டு வந்து தூங்குறீங்க. நான் எப்பங்க தூங்குறது?” கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே பதில் தெரியாமல் கேட்டாள். என்னிடமும் பதில் இல்லை.

அன்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். நான் மூன்றரை மணி நேரம் என்று நினைத்த லாங் ரன்னின் உண்மையான நீளம் சனிக்கிழமை இரவு எட்டரைக்கே ஆரம்பிக்கிறது, ஏனென்றால் நான் சீக்கிரம் படுக்க வேண்டும், அதனால் இரவின் முதல் அழுகை அவளுக்கு. விடியற்காலை அழுகையும் அவளுக்கு. பகல் தூக்கத்தின்போது குழந்தையும் அவளுக்கு. கூட்டினால் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. கையில் கட்டிய கார்மின் வாட்சில் பதிவாவது மூன்றரை மணி நேரம்தான்.

உங்களை எதைக் கணக்குப் பார்க்கச் சொல்கிறேன் என்றால் இதை. “எனக்கு நேரம் இருக்கிறதா” என்று எல்லாரும் பார்க்கிறோம். அந்த நேரத்தில் குழந்தை யார் கையில் இருக்கிறது, அவர் கடைசியாக எப்போது தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்கினார், இதைப் பாருங்கள்.

கென்யாவின் மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே பல வருடம் வார நாட்களில் கப்டகட் முகாமில் தங்கிப் பயிற்சி செய்துவிட்டு வார இறுதியில் வீட்டுக்குப் போய்வந்தவர். அவருக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் ஓட்டம் அவருடைய தொழில், அந்தக் குடும்பம் அதை வைத்து வாழ்கிறது. நாம் எடுத்து வைத்துக்கொள்ளும் திட்டங்கள் பெரும்பாலும் அப்படிப்பட்ட வாழ்க்கைக்கு எழுதியவற்றின் சுருக்கம்தான். அதில் குழந்தைக்கு என்று ஒரு கட்டம் கிடையாது.

இப்போது நல்ல செய்தி. பயிற்சியைக் குறைத்தால் நாலு வருட உழைப்பு போய்விடும் என்ற பயம் பெரும்பாலும் தேவையில்லாதது. முழுக்க நிறுத்தினால் இறங்கும், அது உண்மை. நன்கு பயிற்சி பெற்றவர்கள் பயிற்சியை அறவே நிறுத்தியபோது, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் மூன்று வாரத்தில் சுமார் 7 சதவீதமும், எட்டு வாரத்தில் சுமார் 16 சதவீதமும் இறங்கியதாக 1984-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதன்பின் மேற்கொண்டு பெரிதாக இறங்கவில்லை.

ஆனால் நிறுத்துவது வேறு, குறைப்பது வேறு. 1980-களின் தொடக்கத்தில் சிகாகோவில் ராபர்ட் ஹிக்சன் என்பவர் இதைத்தான் பொறுமையாகச் சோதித்தார். சிலருக்குப் பத்து வாரம், வாரம் ஆறு நாள், நாளுக்கு 40 நிமிடம் கடுமையான பயிற்சி கொடுத்தார். ஒரு நாள் சைக்கிள், ஒரு நாள் ஓட்டம். பிறகு 15 வாரம் குறைத்தார். ஆறு நாளை நாலாகவும் இரண்டாகவும் குறைத்தவர்களுக்கு அந்த உச்சத் திறன் அப்படியே நின்றது. 40 நிமிடத்தை 26 ஆகவும் 13 ஆகவும் குறைத்தவர்களுக்கும் நின்றது. வேகத்தைக் குறைத்தவர்களுக்குத்தான் இறங்கியது. 13 நிமிடக் குழுவில் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் சக்தி மட்டும் குறைந்தது.

உங்களுக்கு இதன் பொருள் இதுதான். நாளைக் குறைக்கலாம், நேரத்தைக் குறைக்கலாம், வாரத்தில் ஒரு முறையாவது மூச்சு வாங்க ஓடுவதை விடக்கூடாது. ஃபுல்லுக்கு வேண்டிய நீண்ட தாக்குப்பிடிப்பு குறையும். ஹாஃபுக்கும் பத்துக்கும் வேண்டியது கிட்டத்தட்ட முழுசாக நிற்கும். நான் ஃபுல்லை விடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உங்களிடம் இப்போது இல்லாத ஒன்றையே அது கேட்கிறது.

என் குழுவில் இளம் அப்பாக்களுக்குக் கொடுக்கும் வாரம் இப்படி இருக்கும். செவ்வாய் 40 நிமிடம்: பத்து நிமிடம் மெதுவாக, பிறகு மூன்று நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் ஜாகிங் என்று ஐந்து முறை, மீதி மெதுவாக. வியாழன் 30 நிமிடம் ஈஸி, பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடும் வேகம். ஞாயிறு 75 முதல் 90 நிமிடம். மொத்தம் 25, 26 கிலோமீட்டர் வரும். 1:52 ஓடிய உடம்பு இதை வைத்துக்கொண்டு ஜனவரியில் இரண்டு மணிக்குள் ஹாஃப் முடிப்பதை என்னால் நம்பிக்கையோடு எதிர்பார்க்க முடியும்.

தூக்கத்தைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். 2014-ல் அமெரிக்காவில் பள்ளி விளையாட்டு வீரர்களைப் பார்த்த ஓர் ஆய்வில், எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 1.7 மடங்கு இருந்தது. அவர்கள் பிள்ளைகள். நமக்கு அதே எண் பொருந்தும் என்று சொல்லமாட்டேன், ஆனால் திசை பொருந்தும். என் குழுவில் வந்த கெண்டைக்கால் பிடிப்புகளையும் குதிகால் வலிகளையும் திரும்பிப் பார்த்தால், குழந்தை பிறந்த முதல் வருடத்து அப்பாக்கள் பெயர் அடிக்கடி வருகிறது. என் குதிகால் தசைநாண் இழுத்துக்கொண்டதும் முதல் மகளின் ஐந்தாம் மாதத்தில்தான். நாலரை மணி நேரத் தூக்கத்தோடு இன்டர்வெல் (விட்டு விட்டு வேகமாக ஓடும் பயிற்சி) ஓடப் போன காலை அது. நாலு மாதம் நடக்கவே கஷ்டப்பட்டேன். நான் நொண்டிக்கொண்டு நின்றதால் வீட்டில் அவள் வேலை இன்னும் கூடியது.

அதிலிருந்து வைத்துக்கொண்ட வழக்கம்: இரவுத் தூக்கம் துண்டு துண்டாகவாவது சேர்த்து ஐந்து மணி நேரம் வரவில்லை என்றால் அன்று வேகப் பயிற்சி இல்லை, மெதுவாக 20 நிமிடம். தொடர்ந்து இரண்டு இரவு அப்படிப் போனால் மூன்றாம் நாள் காலை ஷூவைத் தொடுவதில்லை, தூங்குவது. எழுந்தவுடன் நாடி பிடித்து எண்ணிப் பாருங்கள். வழக்கத்தைவிட எட்டு பத்து துடிப்பு கூட இருந்தால் உடம்பு இன்னும் தேறவில்லை.

காலை ஓட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் சென்னையில் நாலரைக்கு எழுவது வெயிலுக்குப் பயந்து. அந்த நேரம்தான் பல வீடுகளில் இரவு முழுதும் படுத்திய குழந்தை கண்ணசரும் நேரம், தாய்க்குக் கிடைக்கும் ஒரே ஆழ்ந்த தூக்கம். அதில் உங்கள் அலாரம் அடிக்கிறது, பாத்ரூம் கதவு கிறீச்சிடுகிறது, பீரோ திறக்கிறது. எனக்கு வழி காட்டியவர் குழுவில் மூன்று பிள்ளைகளின் தகப்பனான ஒரு மூத்தவர். ஓடும் துணி, சாக்ஸ், சாவி எல்லாம் இரவே ஹாலில். ஷூ வாசலுக்கு வெளியே. போனில் அலாரம் கிடையாது, கையில் கட்டிய வாட்ச் அதிர்வு மட்டும். கீல்களுக்கு இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். இதையெல்லாம் செய்துவிட்டு அவர் சொன்ன கடைசி விதி: “நாலு மணிப் பால் குடிச்சதும் தோள்ல போட்டு ஏப்பம் விட வைக்கிறது, துணி மாத்துறது உன் வேலை. அதை முடிச்சு தூளியில போட்டுட்டு அப்புறம் கிளம்பு.” ஐந்தேகாலுக்குக் கிளம்பி ஆறு மணிக்குள் திரும்பினால் போதும். செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை வெயில் அந்த நேரத்தில் உங்களை ஒன்றும் செய்யாது.

மாலையில் ஓடிவிட்டு வரலாமே என்று தோன்றும். முதல் மூன்று மாதத்தில் குழந்தைகள் காரணமில்லாமல் அழுவது பெரும்பாலும் மாலை ஐந்துக்கும் இரவு ஒன்பதுக்கும் இடையில். ஆறாவது வாரத்தில் அது உச்சம், மூன்று நாலு மாதத்தில் தணியும். உங்கள் மகள் வரும்போது தணிந்திருக்கலாம், ஆனாலும் பகல் முழுதும் தனியாகப் பார்த்துக்கொண்ட ஒருவர் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நேரம் அது. அலுவலகத்தில் ஜிம் இருந்தால் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் டிரெட்மில்லில் 30 நிமிடம், அது யாருக்கும் பாரம் இல்லை. வியாழன் ஈஸி ரன்னை அப்படி முடிக்கலாம்.

இனி மனைவியோடு பேசுவது. “நான் ஞாயிறு ஓடிட்டு வரட்டுமா?” என்று கேட்காதீர்கள். சனிக்கிழமை இரவு அப்படிக் கேட்டால் அவர் “சரி” என்றுதான் சொல்வார், வேறென்ன சொல்ல முடியும். அவருக்கு எத்தனை மணி நேரம் வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். தூக்கமாக இருக்கலாம், தலைக்கு ஊற்றிக்கொண்டு நிதானமாக முடி உலர்த்துவதாக இருக்கலாம், தோழியோடு போனில் பேசுவதாக இருக்கலாம். நான் ஓடும் ஒவ்வொரு மணிக்கும் அவளுக்கு ஒரு மணி, அதே வாரத்தில், குழந்தை முழுக்க என் பொறுப்பில். இரண்டாவது குழந்தையின்போது எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் இரண்டு வரிசை இருந்தது. என் பக்கம் செவ்வாய், வியாழன், ஞாயிறு. அவள் பக்கம் புதன் இரவு பத்திலிருந்து இரண்டு வரை தொடர் தூக்கம், சனி மாலை மூன்று மணி நேரம். அவள் பக்கத்தில் ஒன்று தவறினால் என் பக்கத்தில் அடுத்ததை அடித்துவிடுவேன். மூன்று வாரத்தில் அவளே “நாளைக்கு ஓடலையா?” என்று கேட்க ஆரம்பித்தாள்.

உங்கள் அம்மாவோ மாமியாரோ வந்து தங்கினால் கவனமாக இருங்கள். பெரியவர்கள் இருக்கிறார்கள் என்பதால் நம் கை தானாக விலகிக்கொள்ளும். “மாப்பிள்ளை, நீங்க போய் ஓடிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்” என்று அவர்கள் மனதார சொல்வார்கள். அறுபது வயதில் இரவில் கண்விழிப்பது அவர்களுக்கும் சுமை. அதைவிட முக்கியம், குழந்தை உங்கள் கை சூட்டைப் பழகும் மாதங்கள் இவை. தூளியை ஆட்ட ஒரு பக்குவம் இருக்கிறது. புடவை முடிச்சுக்குக் கீழே, ஸ்பிரிங் துள்ளாமல், ஒரே சீராக. வேகம் குறைந்தால் உள்ளே ஒரு முனகல், கூடினால் ஓர் உதறல். என் மகனுக்கு அந்தச் சீர் பிடிபட எனக்குப் பத்து நாளானது. பிடிபட்ட பிறகு ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்குவேன், காலுக்கு இருபது, மூன்று முறை. அவன் தூங்கும்போது என் கெண்டைக்கால் பயிற்சியும் முடிந்திருக்கும். குதிகால் வலி பிறகு திரும்பி வரவில்லை.

உங்கள் மனைவிக்கும் ஓடும் ஆசை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உண்டென்றால் அவசரம் வேண்டாம். பிரிட்டனில் 2019-ல் வெளியான பிசியோதெரபி வழிகாட்டி, பிரசவத்துக்குப் பின் ஓட்டத்துக்குத் திரும்புவது மூன்று மாதத்துக்கு முன் கூடாது, மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை உடம்பைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்கிறது. சிசேரியன் என்றால் மருத்துவரைக் கேட்காமல் கூடாது. ஆரம்பத்தில் நடை போதும், அந்த நடைக்கும் தாளில் ஒரு வரி ஒதுக்குங்கள்.

குழந்தையை ஸ்ட்ரோலரில் வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஓடுவதற்கென்றே செய்த மூன்று சக்கர ஸ்ட்ரோலராக இருந்தாலும், கழுத்து நன்றாக நிற்காமல், ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம், எட்டு மாதம் வரை பொறுப்பது இன்னும் நல்லது. நம் ஊர் நடைபாதையில் பத்தடிக்கு ஒரு மேடு. பூங்காவில் வைத்து நடக்கலாம், அவ்வளவுதான்.

விடுப்பு பற்றி ஒன்று. மத்திய அரசு ஊழியர்களுக்குத் தந்தையர் விடுப்பு 15 நாள், குழந்தை பிறந்த ஆறு மாதத்துக்குள் எடுக்கலாம். தனியார் துறைக்குச் சட்டம் இல்லை, கம்பெனி கொடுப்பதுதான். உங்களுக்கு மிச்சம் ஏதாவது இருந்தால், கம்பெனி அனுமதித்தால், அவர்கள் சென்னை வரும் வாரத்துக்கு வையுங்கள். அந்த முதல் பத்து நாள் ஓட்டமே வேண்டாம். நடந்து போய் டயபர் வாங்கி வாருங்கள், அது போதும்.

இன்னொன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு தாய்க்கு மட்டும் வருவதில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் வந்த ஒரு கட்டுரையில் அப்பாக்களில் பத்தில் ஒருவருக்கு அது காணப்பட்டது. ஆண்களிடம் அது அழுகையாக வருவது குறைவு. எரிச்சல், வீட்டுக்கு வரப் பிடிக்காமை, ஓடிக்கொண்டே இருக்கவேண்டும் என்ற வெறி, இப்படியும் வரும். ஓட்டம் உங்களுக்கு மருந்தாக இருக்கிறதா, வீட்டிலிருந்து தப்பும் வழியாக ஆகிவிட்டதா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். இருபது நிமிடம் ஓடிவிட்டு வந்தால் குழந்தையைத் தூக்க ஆசையாக இருக்கிறது என்றால் நல்லது, அந்த இருபது நிமிடத்தை மனைவியிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். ஓடி முடித்தும் தெருமுனையில் நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தால் யாரிடமாவது பேசுங்கள், மருத்துவரிடம் போக வெட்கப்படாதீர்கள். உங்கள் மனைவிக்கு இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அன்றே அழைத்துப் போங்கள்.

ஃபுல் எங்கும் போகாது. குழந்தைக்கு ஒரு வயது நெருங்கும்போது பல வீடுகளில் இரவு ஓரளவு சீராகும், அப்போது ஞாயிறு 90 நிமிடத்தை வாரம் பத்து பத்து நிமிடமாகக் கூட்டலாம். அடுத்த ஜனவரிக்கு அந்தச் செப்டம்பரில் தொடங்கினால் மகளுக்கு ஒன்றே கால் வயது. நடுவில் ஆசை தாங்கவில்லை என்றால் பிப்ரவரியில் புதுச்சேரி பக்கம் ஆரோவில் மாரத்தான் இருக்கிறது. நேரம் குறிப்பதில்லை, பரிசு இல்லை, செம்மண் பாதையில் மரங்களுக்கு இடையே ஓட்டம். குடும்பத்தோடு போய் ஓர் இரவு தங்கி, பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வரலாம்.

இப்போது செய்ய வேண்டியது இரண்டு. தூரம் மாற்றிக்கொள்ள அனுமதி உண்டா, கடைசித் தேதி எது என்று பதிவு மின்னஞ்சலில் தேடிப் பாருங்கள். இன்று இரவு மதுரைக்கு போன் போடும்போது, ஜனவரியில் ஃபுல் ஓடவில்லை என்று சொல்லிவிட்டு, செப்டம்பரில் அவருக்கு எந்தக் கிழமை, எந்த நேரம் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தாளில் முதல் வரிசை அவருடையதாக இருக்கட்டும்.